அம்மன் கேட்டுவிட்டாள்

22 ஜூலை 2025, செவ்வாய்.
இன்றைய பிழை: கோயில் மலரின் அட்டையில் "அனைவரும் வந்து அம்மன் இருள் பெற வேண்டுகிறோம்" என்று இருந்ததைத் திருத்தாமல் விட்டேன். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் கண் அதை 'அருள்' என்றே வாசித்தது. சிம்ராதான் பிடித்தாள். வகுப்பே சிரித்தது. நான் இருப்பதைப் படிக்காமல், இருக்க வேண்டியதைப் படிக்கிறேன்.
நாளைய வேலை: பக்கம் 4 முதல் 9 வரை. எழுத்தெழுத்தாக.

ஷண்முகப்ரியா இந்த நாட்குறிப்பை எழுத ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் நடக்கும் புரூஃப் திருத்தும் மாலை வகுப்பில் சேர்ந்த அன்று வாங்கிய நோட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஆறே கால் மணியிலிருந்து எட்டு வரை வகுப்பு. ஆகஸ்ட் 29 தேர்வு. ஐந்து நாளுக்கு மேல் வராதவர்கள் தேர்வு எழுத முடியாது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களை ஆழ்வார்பேட்டையில் ஒரு பதிப்பகம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் போயாகிவிட்டது. மிச்சம் மூன்று.

பகலில் அவள் தி. நகரில் அப்பாவின் மேட்சிங் சென்டரில் நிற்பாள். புடவையைக் கொண்டுவந்து காட்டுபவர்களுக்கு அதே நிறத்தில் பிளவுஸ் துணி எடுத்துக் கொடுக்கும் கடை. மயில் கழுத்து நிறத்தில் பதினொரு வகை உண்டு என்பதும், எது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். தெரிந்து என்ன? ஆழ்வார்பேட்டை பதிப்பகத்தில் ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா, எதிரே ஒரு கட்டுத் தாள். இருபத்துமூன்று வயதில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் பொருள் அதுதான்.

புதன்கிழமை காலை, காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா ஜெயபாரதி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏட்டி பிரியா, அம்மன் கேட்டுட்டா."

"எந்த அம்மன்?"

"நம்ம தெருமுனை மாரியம்மன்தான். பூசாரி அய்யாதுரை சொன்னாரு."

"என்ன கேட்டா?"

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பால் பொங்கி, அடுப்பு தணிந்து, அடங்கியது.

"வெளக்கு. ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு உன் கையால போடணும். வாற வெள்ளிக்கெழம ஆரம்பிச்சிரணும்."

"காலையிலதானே?"

"சாயந்திரம். ஆறு மணிக்கு."

"ஆறே காலுக்கு எனக்கு கிளாஸும்மா."

"தெரியும்ட்டி."

"உனக்குத் தெரியும். அம்மனுக்குத் தெரியாதா?"

"எல்லாம் தெரிஞ்சுதான்" என்று சொல்லி, ஜெயபாரதி காபியை ஆற்றத் தொடங்கினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆற்றினாள்.

ப்ரியா காலண்டரை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஜூலை 25. அதிலிருந்து நாற்பத்தெட்டு நாள் என்றால் செப்டம்பர் 10. தேர்வு நடுவில் எங்கோ விழுந்து காணாமல் போனது. விளக்கு போடுவதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உறுத்தியது அந்த ஆறு மணிதான். ஐந்து இல்லை, எட்டரை இல்லை. கோயில் காலையில் ஆறிலிருந்து பத்து வரை திறந்துதான் இருக்கிறது. உலகத்தில் இத்தனை நேரம் கிடக்க, அம்மன் சரியாகக் கச்சேரி ரோடு வகுப்பு நேரத்தில் வந்து கை வைப்பானேன்?

யாரோ அம்மன் வாயில் வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றிய உடனே, விளக்கு போடச் சோம்பல்பட்டுத்தான் இப்படித் தோன்றுகிறதோ என்றும் தோன்றியது. இரண்டையும் நோட்டில் எழுதினாள். சந்தேகப்பட வேண்டியவர்கள் என்று அப்பா, பூசாரி, அம்மா என மூன்று பேரை எழுதி, கீழே நாலாவதாகத் தன் பெயரையும் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.

முதல் பெயர் அப்பா. காரணம் வலுவாக இருந்தது. ஆடித் தள்ளுபடி நடக்கிறது. ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம். விற்பனைக்கு நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டாள். தெருமுனையில் விளக்கு போட்டு முடித்த பெண் அப்படியே கடைக்கு வந்துவிடலாம்.

முத்துகிருஷ்ணன் ஏணியில் நின்று மேல் தட்டிலிருந்து துணி இறக்கிக்கொண்டிருந்தார். ப்ரியா கீழே நின்று வாங்கி அடுக்கினாள்.

"அப்பா, சாயந்திரம் கடையில ஆள் பத்தலேன்னு அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ஊருக்கே தெரியுமேம்மா. இதச் சொல்ல வேற செய்யணுமா?"

"அம்மன் விளக்கு கேட்டிருக்காளாம். ஆறு மணிக்கு."

அவர் ஏணியிலிருந்தே குனிந்து பார்த்தார். "எந்தப் பொண்ணு கேட்டா? நம்ம கடைக்கு வாரவளா?"

"அப்பா! மாரியம்மன்."

"அடடா." ஒரு துணிக் கட்டை இறக்கிக் கொடுத்தார். "எனக்கும் அந்தம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கெடயாதும்மா. உங்கம்மா மூலமாத்தான் எல்லாம். நீ சாயந்திரம் இருந்தா எனக்கு நல்லதுதான். ஆனா அதுக்கு எதுக்கு சாமிய இழுக்கணும்? வேணும்னா நானே சொல்லிருவேனே, கிளாஸும் வேண்டாம் கழுதையும் வேண்டாம்னு. சொன்னேனா?"

"சொல்லல."

"அப்ப அந்த ராமர் பச்சையை எடு. கஸ்டமர் நிக்காங்க."

அவர் பெயரை அடித்தாள். முழுதாக அடிக்க மனம் வரவில்லை. மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும்.

அன்று மாலை வகுப்பில் கோயில் மலரின் உள்பக்கங்கள். பயிற்சிக்கு என்று ஒரு அச்சகத்திலிருந்து வாங்கிவந்த நிஜத் தாள்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: இறைவன் நிறைந்தவன், நிறைந்து கிடப்பவனிடம் போய் நாம் எதை ஊற்ற முடியும், அவனுக்கு ஒன்றும் வேண்டாம், நாம் படைப்பதெல்லாம் நம் கை கொடுக்கப் பழகுவதற்காகத்தான். ப்ரியா அதை இரண்டு முறை படித்தாள். ஒரு நிம்மதி வந்தது. எட்டாம் பக்கத்துக்கு வந்தாள். அதே பெரியவர், அம்மன் மிகவும் விரும்பி ஏற்பவை என்று கூழ், எலுமிச்சை மாலை, வேப்பிலைப் பாவாடை, ஆடி மாதத்து மாலை விளக்கு எல்லாம் சொல்லி, செய்யத் தவறினால் அம்மன் மனம் குளிராது என்று முடித்திருந்தார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வகுப்பு எடுப்பவர் ஹபீபுர் ரஹ்மான். பகலில் ராயப்பேட்டை அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்ப்பவர். அவர் தாளை எடுத்து விளக்கடியில் பிடித்தார்.

"இன்னாமா இது, கேள்விக்குறி? எந்த எழுத்துக்கு?"

"எழுத்துக்கு இல்ல சார். அஞ்சாம் பக்கத்துல சாமிக்கு ஒண்ணும் வேண்டாம்னு எழுதுறாரு. எட்டாம் பக்கத்துல லிஸ்ட் குடுக்குறாரு."

"ரெண்டு பக்கத்துலயும் ஒற்று சரியா?"

"சரி சார்."

"அப்ப நம்ம வேல முடிஞ்சது."

"எது சார் உண்மை?"

"ம்மா, நான் இருபது வருஷமா கும்பாபிஷேகப் பத்திரிகையும் பாக்குறேன், சந்தனக்கூடு நோட்டீஸும் பாக்குறேன். எழுத்துல பிழை இருந்தா எனக்குத் தெரியும். சாமிகிட்ட பிழை இருந்தா அது வேற டிபார்ட்மென்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். ப்ரியாவும் சிரித்தாள். ஆனால் கேள்விக்குறியை அவர் அடிக்காமலே தாளைத் திருப்பிக் கொடுத்ததைக் கவனித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குப் படி இறங்கும்போது சிம்ரா பிடித்துக்கொண்டாள். சிம்ரா திருவல்லிக்கேணிப் பெண். வகுப்பில் முதல் இடத்துக்கு ப்ரியாவுக்கும் அவளுக்கும்தான் போட்டி. விஷயத்தைக் கேட்டதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எங்க வூட்லயும் நேர்ச்சை எல்லாம் கீதுடி. நான் பிளஸ் டூ பாஸானா நாகூர்ல போர்வை போத்தறேன்னு எங்கம்மா வேண்டிக்கினாங்க. பாஸாயிட்டேன், போத்திட்டாங்க. அவ்ளோதான். என் டைம்ல யாரும் கை வெக்கல. உங்க அம்மன் டைம்டேபிள் எல்லாம் வாங்கிப் பாக்குதா?"

"விளையாடாதடி."

"நான் எங்கடி விளையாடறேன்? யாரோ உன் டைம்டேபிள நல்லா பாத்துகினு கீறாங்க. சாமியோ, ஆளோ. அத்த மொதல்ல கண்டுபுடி." பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டு, "நீ வரலன்னா எனக்குத்தான் லாபம், தெரியும்ல?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பையும் ப்ரியா சந்தேகப்பட்டாள். பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அதற்காக வெட்கப்பட்டாள்.

வியாழன் காலை ஏழு மணிக்குத் தெருமுனைக்குப் போனாள். அம்மன் கோயில் என்பது வேப்பமரத்தை ஒட்டி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கட்டடம். எதிர்ச் சுவரோரம் அய்யாதுரையின் இஸ்திரி வண்டி. காலையும் மாலையும் பூசை செய்வார், நடுவில் தெருவுக்கே சட்டை தேய்ப்பார். ஐம்பது வயது இருக்கும். பெட்டிக்குள் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அம்மன் என்கிட்ட நாப்பத்தெட்டு நாள் விளக்கு கேட்டுச்சுன்னு சொன்னீங்களாமே."

விசிறி நின்றது. "ஆரு? நானா?"

"அம்மா சொன்னாங்க."

"இன்னாமா இது புதுசா கீது. நான் அப்டி சொல்லவே இல்லயே."

ப்ரியாவுக்குக் காது சூடேறியது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். "அப்ப என்னதான் சொன்னீங்க?"

"போன வாரம் உனக்கு காய்ச்சல்னு உங்கம்மா வந்து அய்துகினு நின்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து, எறங்கிடுச்சுன்னு சிரிச்சாங்க. நான் சொன்னேன், 'பாத்தியாமா, அம்மா கேட்டுச்சு'ன்னு. நீ சொன்னது அம்மா காதுல வுழுந்துச்சுன்னு அர்த்தம். வேற இன்னா?"

அவள் அப்படியே நின்றாள். கேட்டது. அம்மன் எதையும் கேட்கவில்லை, அம்மா சொன்னதைத்தான் கேட்டாள். ஒரே சொல். சமையலறையில் அம்மாவும் அதைத்தானே சொன்னாள்? அம்மன் கேட்டுட்டா. 'என்ன கேட்டா?' என்று திருப்பிக் கேட்டுச் சொல்லை வளைத்தது தான்தான். எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் அம்மாவின் வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் திருத்த வேண்டிய இடத்தில் திருத்தாமல், பால் பொங்கும்வரை அம்மா யோசித்தாளே, அது?

"அப்ப அம்மனுக்கு விளக்கு வேண்டாமா?"

அய்யாதுரை அம்மனைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஜாக்கிரதை வந்து உட்கார்ந்தது. "வேணாம்னு என் வாயால சொல்லுவேனா? நீ நல்லா கேக்கறியே. ராவு பூரா டியூப் லைட் கீது, அது இருட்டுல குந்தினு இல்ல. ஆனா உங்கம்மா எதனா வேண்டிக்கினு இருந்தா, அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. என்னை ஏன் இழுக்கற?"

"வேண்டிக்கிட்டாங்களா?"

"அத்த உங்கம்மாவ கேளு. ரொம்ப கொயப்பமா இருந்துச்சுன்னா பூக்கட்டிப் பாத்து அம்மாகிட்டயே கேட்டுக்கலாம்." பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் காலரில் வைத்து அழுத்தினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டில் ஜெயபாரதி பூ கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் கட்டுவாள், கடைப் படத்துக்கும் வீட்டுப் படத்துக்கும். கண் டிவியில் இருக்கும், விரல் தானாக வேலை செய்யும்.

"அம்மன் ஒண்ணும் கேக்கல" என்றாள் ப்ரியா. "நீதான் அவகிட்ட ஏதோ சொல்லியிருக்க. என்ன சொன்ன?"

ஜெயபாரதியின் விரல்கள் நின்றன. டிவியை அணைத்தாள்.

"போன நவம்பர்ல நீ ஆஸ்பத்திரியில கெடந்தியே. ரத்தத்துல அது என்னமோ எறங்கிக்கிட்டே போவுதுன்னு சொன்னாவோ. ஒம்போதாம் நாளு. நான் வெளிய பெஞ்சுல இருந்து சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"எம் மவளக் குடுத்துரு, அவளுக்கு எது ரொம்பப் பிரியமோ அத உனக்குத் தாரேன்னு."

தெருவில் யாரோ கீரை கூவிக்கொண்டு போனார்கள்.

"பெறவு நீ நல்லபடியா வந்துட்ட. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், உனக்கு எது பிரியம்னு. ஒரு பட்டுப் பாவாடையைச் சொல்லுவ, போனச் சொல்லுவ, எடுத்து வச்சிருவோம்னு. நீ எதுலயும் ஒட்டலியே. சோறு வச்சா தின்ன, கடைக்குப் போன, வந்த. அப்பொறம் ஜூன்ல இந்த கிளாஸு. நாலு மணிக்கே உன் மொகம் மாறிரும்ட்டி. பேனாவத் தேடுவ, நோட்டத் தேடுவ. அன்னைக்கே நெனச்சேன். ஐயோ, இதுதானான்னு."

"அதனால என் சாயந்திரத்தை எடுத்துக் குடுத்துட்ட."

"உடனே குடுக்கலட்டி. ஒன்ற மாசம் வாயத் தொறக்காமத்தான் இருந்தேன். போன வாரம் திரும்பவும் காய்ச்சல் வந்துட்டே. அம்மன் ஞாபகப்படுத்துதான்னு பயந்துட்டேன்."

"அவ அப்படிப்பட்டவளா? குடுக்கலேன்னா காய்ச்சல் அனுப்புறவளா?"

"இல்லட்டி. அவ அப்பிடிச் செய்ய மாட்டா." ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நான் சொல்லிட்டேனே."

"உன்னோடதை எதையாவது குடுத்திருக்கலாம்ல? உன் சாயந்திரத்தை?"

"என் சாயந்திரத்துல என்னட்டி இருக்கு? சீரியல் பாப்பேன். அதையா கொண்டு போயி சாமிக்கு வைக்க? இந்த வீட்டுலயே ஒசத்தியா இருக்கது உன் கிளாஸு ஒண்ணுதான்."

தன் வகுப்பை இந்த வீட்டில் யாராவது உயர்வாக நினைத்ததாக ப்ரியாவுக்குத் தெரியாது. அந்த வார்த்தைக்காகவே நாற்பத்தெட்டு நாளையும் கொடுத்துவிடலாம் போல ஒரு கணம் இருந்தது. அடுத்த கணமே சந்தேகம் வந்தது. இப்படிச் சொன்னால் நான் இளகிவிடுவேன் என்று அம்மாவுக்குத் தெரியாதா? இருபத்துமூன்று வருஷமாக என்னைப் பார்ப்பவளாயிற்றே.

"பூக்கட்டிப் பாக்கலாம்" என்றாள் ப்ரியா. "அவ வேணும்னு சொன்னா நான் கிளாஸை விட்டுடுறேன். வேண்டாம்னு சொன்னா நீ இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஜெயபாரதி பூச்சரத்தை முடிச்சுப் போட்டு வைத்தாள். "சரி" என்றாள்.

"பொட்டலத்தை நான்தான் மடிப்பேன். அய்யாதுரை அண்ணன் தொடக் கூடாது."

"ஏட்டி, அவரையுமா?"

"யாரையும்."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. ஆடி வெள்ளி என்பதால் கோயில் முன்னால் மைக்செட்டும் கூட்டமும் சேர ஆரம்பித்திருந்தன. அய்யாதுரை குளித்து, வேட்டி மாற்றி, நெற்றி நிறைய குங்குமத்தோடு வேறு ஆளாக இருந்தார். ஒரு தட்டில் நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும், வாழையிலைத் துண்டுகள் இரண்டும், நாரும் எடுத்துக் கொடுத்தார்.

"வெள்ள ஒண்ணுல, செவப்பு ஒண்ணுல. வெள்ள வந்தா அம்மா வுட்டுக் குடுத்துச்சு. செவப்பு வந்தா நீ வெளக்கு போடணும். பின்னாடி போய் கட்டிக்கினு வா. நாங்க யாரும் பாக்கல."

கோயிலுக்குப் பின்னால் ஒரு குழாயடி, வேப்பமரத்தின் வேர். ப்ரியா தட்டை வேரில் வைத்து உட்கார்ந்தாள். முதல் இலையில் ஒரு நந்தியாவட்டையை வைத்து நான்கு பக்கமும் மடித்து நாரால் கட்டினாள். ஓரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். இரண்டாவது இலையை எடுத்தாள். அரளியை எடுக்கக் கை போனது.

பாதிக்குப் பாதி. ஆழ்வார்பேட்டை மேசையும் சிவப்புப் பேனாவும் ஓர் இலைத் துண்டில் பாதிக்குப் பாதி.

அவள் இதுவரை சந்தேகப்பட்டது மனிதர்களை. அப்பாவை, பூசாரியை, அம்மாவை, சிம்ராவைக்கூட. இப்போது குழாயடியில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளைச் சந்தேகப்பட்டாள். உனக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் நான் எந்தப் பூவை வைத்தால் என்ன? உனக்கு வேண்டும் என்றால் நீ தடுக்கலாமே. என் கை இதோ இருக்கிறது. தடு.

நந்தியாவட்டை ஒன்றை எடுத்தாள். இலையில் வைத்தாள். ஒரு பக்கம் மடித்தாள். காத்திருந்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மைக்செட்டில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்றார்கள். இரண்டாவது பக்கம் மடித்தாள், மூன்றாவது, நான்காவது. நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருந்த அரளியில் ஒன்றை எடுத்துக் குழாயடிச் சாக்கடையில் போட்டாள், எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்று. கையைக் குழாயில் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு பொட்டலங்களையும் அய்யாதுரை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். "நீயே எடும்மா. வேண்டிக்கினவங்கதானே எடுக்கணும்" என்று ஜெயபாரதியை அழைத்தார்.

ஜெயபாரதி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, கையை நீட்டி, முதலில் வலப்பக்கப் பொட்டலத்தைத் தொட்டாள். விரலால் லேசாக அழுத்தினாள். அதை விட்டுவிட்டு இடப்பக்கத்தைத் தொட்டாள். அதையும் அழுத்தினாள். அப்படியே நின்றாள். ஜெயபாரதி அம்மனை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு வலப்பக்கத்தை எடுத்தாள்.

அய்யாதுரை நாரை அவிழ்த்தார். வெள்ளை.

"விட்டுட்டாட்டி!" ஜெயபாரதி சத்தமாகவே சொன்னாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "பாத்தியா, விட்டுட்டா! நாந்தான் புத்தி கெட்டுப்போயி... போ, போ, மணி அஞ்சே முக்கால், பஸ்ஸு போயிரும். துன்னூறு பூசிட்டுப் போ."

ப்ரியா திருநீற்றுக்குக் குனிந்தாள். அய்யாதுரை பூசிவிட்டு, மற்ற பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இத்த நான் பிரிக்கிறது இல்ல. வயக்கம் இல்ல. உன் கையால கட்டினது, நீயே எடுத்துகினு போ." அவர் குரலில் ஒன்றும் இல்லை. பார்வையில் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதம். பத்துப் பக்கம் திருத்தினாள், ஒரு பிழையும் விடவில்லை. சார் 'குட்' என்று மேலே எழுதினார். சிம்ரா எட்டிப் பார்த்து, "இன்னாடி, சாமி வுட்டுடுச்சா?" என்றாள். "விட்டுடுச்சு" என்றாள் ப்ரியா. பையில், பேனா வைக்கும் அறையில், இலைப் பொட்டலம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜெயபாரதி கேசரி கிளறி வைத்திருந்தாள். இத்தனை மாதமாக முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது. அது இருந்ததே அது போன பிறகுதான் ப்ரியாவுக்குத் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்தாள்.

25 ஜூலை 2025, வெள்ளி.
இன்றைய பிழை: பொட்டலம் இரண்டிலும் வெள்ளை வைத்தேன்.
தெரியாமல் செய்தது இல்லை. அம்மன் தடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவள் தடுக்கவில்லை. அவளுக்கு விளக்கு வேண்டாம் என்று அதற்கு அர்த்தமா, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தமா, அங்கே யாரும் இல்லை என்று அர்த்தமா, தெரியவில்லை. எதையும் நிரூபிக்க முடியாதபடி நானே கெடுத்துவிட்டேன். இனி யார் அம்மன் பெயரைச் சொன்னாலும் சந்தேகப்பட எனக்கு வாய் இல்லை.
இன்னொன்று. அம்மா இரண்டையும் அழுத்திப் பார்த்தாள். அரளி நீளமாக, குழாய் மாதிரி இருக்கும். நந்தியாவட்டை தட்டையாக இருக்கும். முப்பது வருஷமாகக் கண்ணால் பார்க்காமலே பூக் கட்டுகிறவளுக்கு இலைக்குள் இருப்பது என்ன என்று விரலுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எடுத்தாள் என்றால், என்னை விட்டது அம்மன் இல்லை, அம்மா. தெரியாமல் எடுத்தாள் என்றால், அவள் இப்போது சந்தோஷமாக இருப்பது என் பொய்யால். இரண்டில் எது என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். கேசரி இன்னும் கொஞ்சம் போடவா என்றாள்.
உண்மையைச் சொன்னால் நாற்பத்தெட்டு நாளும் திரும்பி வரலாம். தேர்வு போகலாம்.
நாளைய வேலை: காலையில், கடைக்குப் போவதற்கு முன்னால், இரண்டாவது பொட்டலத்தை அம்மா எதிரில் பிரிக்க வேண்டும்.